பிரசங்கத்துக்கு உதாரணமான பிள்ளை

நாங்கள் இலங்கையில் பதுளைக்கு வந்து இறங்கிய வருடம் என் மகளுக்கு மூன்று வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்று என் கணவரையும் என்னையும் மிஷனரிகளாக அனுப்பியது. வெளிநாடு போகிறோம் என்று ஊரில் வழியனுப்பு ஆராதனை வைத்து அழுதார்கள். அங்கே தமிழ் பேச ஆளிருக்காது என்று நினைத்து என் அக்காள் ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயும், பேச்சுத் துணைக்கு ஒரு பழைய ரேடியோவும் கொடுத்துவிட்டாள். பதுளையில் வாடகை வீட்டின் கதவைத் திறந்தபோது அடுத்த வீட்டு ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ரேடியோவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

எங்கள் ஊழியம் தேயிலைத் தோட்டங்களில். செவ்வாய், வியாழன் நமுனுகுலைப் பக்கம், சனிக்கிழமை மடுல்சீமை. மடுல்சீமைக்குப் போகிற பஸ் மழை என்றால் பாதியில் நின்றுவிடும், மீதியை நடக்க வேண்டும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நடப்போம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்புகிற நேரம்தான் எங்களுக்கு வேலை தொடங்கும் நேரம். யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் சாக்கு விரித்து உட்காருவோம். பாட்டு, வேத வாசிப்பு, ஒரு சின்னப் பிரசங்கம், ஜெபம். பால் இல்லாத சாயத்தண்ணியும் ரொட்டியும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். திரும்பி வரும்போது என் மகள் என் கணவர் தோளில் தூங்கிக்கொண்டு வருவாள்.

முதல் வருடம் முழுக்க யாரும் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. கேட்டால், “எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா” என்பார்கள். கண் வீங்கி, உதடு கிழிந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணும், “கதவுல இடிச்சிக்கிட்டேங்க” என்பாள். என் கணவர் பஸ்ஸில் வரும்போது, “இவங்க நம்மள ஆபீஸ் ஆளுங்க மாதிரி பாக்காங்க. நாம கீழ எறங்கணும்” என்று சொல்லிக்கொண்டே வருவார்.

ஒரு சனிக்கிழமை மடுல்சீமையில் அவர் கீழே இறங்கினார். பிரசங்கத்தின் நடுவில், எனக்கு மகளுக்கு முன்னால் ஒரு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனதையும், அந்த ராத்திரி நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கர்த்தரைத் திட்டியதையும் சொன்னார். என்னிடம் கேட்கவில்லை. நான் அவருக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடித்ததும் மூலையில் இருந்த ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்ன அதே பெண். கூட்டம் முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “எனக்கும் ரெண்டு போச்சுங்கம்மா. அவரு ஒதைச்சதுல போச்சு” என்றாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கைச்சூடு என் கையில் இருக்கும்போது எப்படிக் கோபப்படுவது? ஊழியத்தின் வாசல் திறந்தது என்று நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அதுவே அவருடைய முறையாகிவிட்டது. எங்கள் வீட்டில் நடப்பது எதுவும் பிரசங்கத்துக்கு உதாரணமாக வரும். எனக்கும் அவருக்கும் வந்த சண்டை, அரிசி தீர்ந்த மாதக் கடைசி, விசா புதுப்பிக்கக் கொழும்பு போய் வரிசையில் நின்று அவர் பொறுமை இழந்தது. எங்களைச் சொல்லும்போது தன்னையும் விட்டுவைக்க மாட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஜனங்கள் சிரித்தார்கள், அழுதார்கள், அவரை நேசித்தார்கள். நமுனுகுலையில் எங்களுக்கென்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. கதவில் இடித்த அந்தப் பெண்ணும் நமுனுகுலையில் கல்யாணம் முடித்துப்போன தங்கையோடு இருக்க அங்கேயே வந்து, எங்கள் சபையின் தூண் போல ஆனாள். அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைக்கு?

என் மகள் ஏழு வயது வரை இரவில் படுக்கையை நனைப்பாள். தேவனுடைய பொறுமையைப் பற்றிப் பேசின ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைச் சொன்னார். ஒரு தகப்பன் விடியற்காலையில் எழுந்து முகம் சுளிக்காமல் பாயை அலசுவதைப் பற்றி மிக அழகாகச் சொன்னார். உண்மையாகவே அலசுவார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த வாரம் லயத்துப் பிள்ளைகள் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

“ஏய், பாய் காஞ்சிருச்சா?”

“இன்னிக்கு மழையாம், உள்ள காயப்போடு!”

அவள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அன்று இரவு அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “சின்னப் பிள்ளைங்க விளையாட்டு. ரெண்டு வாரத்துல மறந்துரும்” என்றார்.

அவள் மறக்கவில்லை. அவளுடைய காரியங்கள் அதற்குப் பிறகு அப்பாவிடம் நேராகப் போகவில்லை. கணக்கில் குறைந்தது, தோழியோடு பேச்சு நின்றது, வயதுக்கு வந்தது, எல்லாம் என்னிடம் மட்டும்தான் வரும். அதுவும் நான் வெங்காயம் நறுக்கும்போதோ துணி பிழியும்போதோ, என் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. பிள்ளை என்னிடம் மறைக்க மாட்டாள் என்ற கர்வம். வேறு எத்தனையோ பயம் எனக்கு உண்டு. செக்பாயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தினால் பயம், மழையில் மண் சரிந்தால் பயம், அவள் வர ஐந்து நிமிடம் பிந்தினால் வாசலில் நிற்பேன். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் தைரியமாக இருந்தேன்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள், நெற்றி நிறைய விபூதி. என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் மனந்திரும்ப வேண்டும் என்று என் கணவர் வருடக்கணக்கில் ஜெபித்துவந்தார். அது டீச்சருக்கும் தெரியும். ஒருமுறை என்னிடம், “பாஸ்டர் எனக்காகச் செபிக்கிறார் எண்டு சனம் கதைக்குது. செபிக்கட்டும், நல்லதுதானே. ஆனா என்ர வீட்டு விலாசத்தைச் சொல்லாமல் செபிக்கச் சொல்லுங்கோ” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரித்தாரா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மகள் உயர்தரப் பரீட்சைக்கு, நம் ஊர்ப் பிளஸ் டூ மாதிரி, படித்துக்கொண்டிருந்தபோது, நமுனுகுலையில் முதல் முறையாகப் பெரிய ஞானஸ்நானம் ஏற்பாடானது. தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் ஒரு பள்ளம் உண்டு, இடுப்பளவு தண்ணீர் நிற்கும். எங்கள் கூட்டத்தில் வளர்ந்த இளம்பிள்ளைகள் ஒன்பது பத்துப் பேர் முழுக்கு எடுக்கத் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் முதலில் எங்கள் மகள் இறங்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. எங்களை அனுப்பிய சபையிலிருந்து இரண்டு மூப்பர்கள் வீடியோ கேமராவோடு வரப்போகிறார்கள். நான் அவளுக்கு வெள்ளைத் துணி எடுத்துத் தைத்துவைத்திருந்தேன்.

தைத்ததைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். அவள் கையில் வாங்கி மடித்துவைத்தாள்.

“எனக்கு வேணாம்மா.”

“என்னட்டி, இறுக்கமா இருக்கா?”

“உடுப்ப சொல்லல. ஞானஸ்நானம் வேணாம்.”

தையல் மெஷினில் இருந்த என் கால் நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். கொஞ்ச நாளாகவே ஜெபிக்கும்போது எதிரில் யாரும் இருப்பதுபோல் தோன்றவில்லை என்றாள். விசுவாசிக்கிறாயா என்று அப்பா தண்ணீருக்குள் நின்று கேட்பார், ஆமென்று சொல்ல வேண்டும், அது பொய் என்றாள்.

“பொய் சொல்லிட்டுத் தண்ணியில எறங்க மாட்டேன்மா. பொறகு எப்பவாவது தோணுச்சுன்னா பாக்கலாம். அப்பாகிட்ட இப்போதைக்கு வேணாமாம்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு நீங்க சொல்ல வேணாம். சோதனை எழுதி முடிச்சிட்டு நானே சொல்றேன்.”

இவ்வளவு நேர்மையாக ஒரு பிள்ளை பேசினால் ஒரு மிஷனரியின் மனைவி சந்தோஷப்பட வேண்டுமா, நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு இரண்டும் வந்தது. சரி என்றேன்.

அவரிடம் சொன்னேன். இப்போதைக்கு வேண்டாமாம் என்றுதான் சொன்னேன். ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லையா, யாரோடாவது பழக்கமா, யார் என்று கேட்டார். அவர் மனதில் ஏதோ பையனின் உருவம் ஓடுவது தெரிந்தது. அது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம் என்று பட்டது. உண்மையைச் சொன்னேன். யாரிடமும் பேசக் கூடாது, அவளிடமே கேட்கக் கூடாது, அவள் தானாகச் சொல்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும் என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்து, “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. கர்த்தருக்கு முன்னால சொல்றேன்” என்றார். நான் நம்பினேன். இருபது வருடத்துப் புருஷன், ஜனங்கள் தங்கள் பாவங்களையெல்லாம் நம்பி ஒப்படைக்கிற மனிதர். நம்பாமல் என்ன செய்வேன்?

அடுத்த ஞாயிறு நமுனுகுலையில் ஆராதனை. மூப்பர்கள் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. பனி இறங்கி, அறை இருட்டாக இருந்தது. மகள் கடைசி வரிசையில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து கஞ்சிரா தட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. அவர் எழுந்தார். காணாமல் போன ஆட்டைப் பற்றி வாசித்தார். நூறு ஆட்டில் ஒன்று என்றார். ஊரூராய் ஆடு தேடி அலைகிற மேய்ப்பன், தன் சொந்தத் தொழுவத்தில் ஒன்று குறைவதைப் பார்க்காமல் போனால் என்றார். அவர் குரல் உடைவதைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னார். ஜெபிக்கும்போது எதிரில் யாரும் இல்லை என்று அவள் சொன்னதை, என் வாயிலிருந்து கேட்ட அதே வார்த்தைகளில் சொன்னார். அழுதார். நடிப்பு இல்லை, அவருக்கு நடிக்கத் தெரியாது. “என் பிள்ளைக்காக இன்னிக்கு நீங்க திறப்பில நிக்கணும், மன்றாடணும்” என்று முழங்காலில் விழுந்தார். மொத்த அறையும் விழுந்தது. அக்காவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. “ஆண்டவரே, எங்க புள்ளைய விட்டுறாதீங்கய்யா, அவ கல்லு நெஞ்ச ஒடைங்கய்யா!” சிறு பிள்ளைகள்கூடக் கண்ணை இறுக மூடிக் கத்தினார்கள். எங்கள் ஜெபம் அப்படித்தான். எல்லோரும் ஒரே சமயத்தில் சத்தமாக, கண்ணை மூடிக்கொண்டு. நானும் கண்ணை மூடியிருந்தேன். ஜெபிக்கவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கடைசி வரிசையில் அவள் இருந்த இடத்தில் கஞ்சிரா மட்டும் இருந்தது.

அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள், தலையில் வைத்து ஆசீர்வதிக்க. “புள்ள எங்கங்க பாஸ்டரம்மா?”

வெளியே ஓடினேன். வாசலில் அவள் செருப்பு இல்லை. லயத்து முனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “நம்ம பாப்பாவா? ரோட்டுக்கு எறங்கிப் போச்சுங்க. நா கூப்புட்டேன், கேக்காத மாதிரி போகுது” என்றார். பனியில் பத்தடி தள்ளி எதுவும் தெரியவில்லை. பஸ் வருகிற வரைக்கும் நான் ரோட்டோரத்தில் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத முடியாது. ஆற்றுப் பள்ளம் அந்த ரோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. அவளிடம் பஸ்ஸுக்குக் காசு இருக்குமா, அடையாள அட்டை கையில் இருக்குமா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. பசறையில் பஸ் மாறிப் பதுளைக்கு வந்தேன். எங்கள் வீடு பூட்டியிருந்தது. கால் தானாக டீச்சர் வீட்டுக்குப் போனது.

டீச்சர் கதவைப் பாதி திறந்து நின்றார்.

“இஞ்சதான் இருக்கிறா. பயப்பிடாதேங்கோ. சாப்பிட்டிட்டுப் படுத்திட்டா.”

“என்ன சொன்னா டீச்சர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கவும் இல்லை. கேட்டா அவ இஞ்சயும் வரமாட்டா.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் உள்ளே போய் ஒரு டம்ளர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மகள் சாயங்காலம் எழுந்து வந்தாள். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நீங்க சொன்னீங்களா?”

ஆமென்று தலையசைத்தேன். அவள் அழவில்லை. “சரி” என்றாள். நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.

அன்று நானும் அவரும் பேசினோம். அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். “பிள்ளைக்காக ஜெபிக்கத்தானே சொன்னேன்? நான் என்ன டீக்கடையில ஒக்காந்தா பேசினேன்?”

“ரெண்டு பேருக்குள்ளன்னு சொன்னீங்களே.”

“எனக்குத் தாங்கல. அந்த ஜனங்க தங்க பாரத்தையெல்லாம் எங்கிட்ட கொண்டாந்து எறக்கிறாங்க. என் பாரத்த நான் எங்க எறக்க?”

“எங்கிட்ட எறக்கக் கூடாதா?”

அதற்கும் அவர், “எத்தன பேரு அழுதாங்க, பாத்தியா?” என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு ஏதோ அறுந்தது. காட்டிக்கொடுத்தல் என்று ஒரு சொல் எங்கள் வேதத்தில் உண்டு. முப்பது வெள்ளிக்காசு வாங்கினவனுக்கு மட்டுமே அதைச் சொல்லிப் பழக்கம். எந்தக் காசும் வாங்காமல், அழுதுகொண்டு, அன்பினாலேயே ஒருவன் அதைச் செய்ய முடியும் என்று யாரும் எங்களுக்குப் பிரசங்கிக்கவில்லை.

மூப்பர்கள் வந்தார்கள். அவர்களிடமும் என் கணவர் சொன்னார். ஆற்றில் ஒன்பது பத்துப் பிள்ளைகள் இறங்கி ஏறினார்கள், கேமரா ஓடியது, நல்ல வெயில் அடித்தது. மகள் பதுளையில் டீச்சர் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தைத்த வெள்ளைத் துணியை அக்காவின் தங்கை மகளுக்குக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. மூப்பர்கள் ஊருக்குப் போன பின், எனக்கு முகமே தெரியாத பெண்கள் திருநெல்வேலியிலிருந்து போன் போட்டு, “உங்க மகளுக்காக உபவாச ஜெபம் வச்சிருக்கோம் அக்கா” என்றார்கள். நன்றி என்று சொன்னேன். வேறென்ன சொல்வது.

உயர்தரம் முடிந்ததும் அவள் சென்னைக்குப் படிக்கப் போனாள். ஞாயிறுதோறும் போனில் பேசுவோம். நன்றாகப் பேசுவாள், கோபமே காட்ட மாட்டாள். வெயில், ஹாஸ்டல் சாம்பார், பஸ் கூட்டம். ஒரு வருடம் இப்படி வெயிலும் சாம்பாருமாகப் போன பிறகுதான், அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை என்பது எனக்கு உறைத்தது.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டி ஒரு விடுமுறைக்கு நாங்கள் ஊருக்கு வந்தோம். அவர் சபைகளில் பேசப் போயிருந்தார். நான் தனியாக ரயிலேறிச் சென்னை போனேன். அவள் அப்போது வேலைக்குச் சேர்ந்து, இன்னொரு பெண்ணோடு ஒரு அறையில் தங்கியிருந்தாள். எனக்குத் தலையணை எடுக்க நாற்காலியில் ஏறிப் பரண் மேல் கையை நீட்டினாள். சட்டை மேலேறியது. வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு.

“இது என்னட்டி?”

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அப்பெண்டிக்ஸ். எடுத்தாச்சு.”

“எப்ப?”

“போன மழைக்காலத்துல. பெரிய விஷயமில்லம்மா.”

“யாரு இருந்தா கூட?”

“இவளோட அம்மா வந்திருந்தாங்க. கஞ்சியெல்லாம் வச்சுக் குடுத்தாங்க.” கூட இருக்கிற பெண்ணின் கட்டிலைக் காட்டினாள்.

என் பிள்ளையின் வயிற்றைக் கீறும்போது வெளியே பெஞ்சில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் போனில் சாம்பார் எப்படி என்று கேட்டிருப்பேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“உங்ககிட்ட சொன்னா அப்பாகிட்ட சொன்ன மாதிரிதானேம்மா.” குரலில் குத்தல் இல்லை. தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னாள். பிறகு அவளே சிரித்தாள். “என் கொடலு மடுல்சீமை வரைக்கும் போயிருக்கும். அக்கா அதுக்கும் கைய வச்சிருப்பாங்க.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தொடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, “எப்படி இருக்கா?” என்றார். “நல்லா இருக்கா” என்றேன். “ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன். ஆட்டோவில் ஏறும் முன்பே, பிள்ளைக்குக் கொடுத்த சுகத்துக்காக ஸ்தோத்திரம் என்று மெல்லச் சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் மறைத்த முதல் காரியம் அந்தத் தழும்பு. இன்றுவரை மறைக்கிறேன். பதுளையில் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு மறைக்கிறேன். அவர் மாறவில்லை, இன்றும் நல்லவர்தான். அதுதான் எனக்கு இன்னும் உதறலாக இருக்கிறது.

இதை எழுதத் தொடங்குமுன் மகளுக்குப் போன் போட்டு, எழுதட்டுமா என்று கேட்டேன். “இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல” என்றாள். பேர் போடக் கூடாது, அச்சுக்குப் போகுமுன் தான் படிக்க வேண்டும் என்றாள். எழுதியதை அனுப்பினேன். இரண்டு இடத்தை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை, எடுத்துவிட்டேன்.

“அப்பாவுக்கு முன்னாடியே சொல்லணுமாட்டி?” என்று கேட்டேன்.

“வேணாம்மா” என்றாள்.

ஆகையால் அவர் இதை எல்லோரோடும் சேர்ந்துதான் படிப்பார்.